பொதுக் கட்டடமும் பத்து சென்ட் தோப்பும்

ஒரு கூட்டுறவுச் சங்கம் காலூன்றி நாலைந்து ஆண்டுகள் சென்றதும் அதன் அங்கத்தினர் முதலில் விரும்புவது சொந்தக் கட்டடமே. விவசாயிகள் சங்கமாயின் தானியம் வைக்கக் கிடங்கு வேண்டும். நெசவாளர் சங்கமாயின் நூலையும் துணியையும் ஈரம் படாமல் காக்க ஓர் அறை வேண்டும். எச்சங்கமாயினும் அங்கத்தினர் அமர்ந்து கணக்குக் கேட்பதற்கு ஒரு கூடம் வேண்டும். இந்த விருப்பம் நியாயமானது, பாராட்டத்தக்கது.

கட்டடம் என்றவுடன் சிமெண்டும் இரும்புக் கம்பியுமே நம் நினைவுக்கு வருகின்றன. மரத்தைக் கொண்டு கட்டலாமா என்று யாரேனும் கேட்டால் மூன்று ஆட்சேபங்கள் உடனே எழுகின்றன. மரத்தைக் கறையான் அரித்துவிடும் என்பது ஒன்று. தீப்பற்றும் என்பது மற்றொன்று. மரத்தால் கட்டுவதென்றால் காட்டை அழிக்க வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றும் அலட்சியப்படுத்தத்தக்கவை அல்ல. ஆதலால் ஜவ்வாது மலையை உதாரணமாக வைத்துக்கொண்டு இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்ப்போம். மலைக்கு என்று சொல்வனவற்றுள் பெரும்பகுதி சமவெளிச் சங்கங்களுக்கும் பொருந்தும்.

மலையும் மரமும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு இம்மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்குச் செல்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிலும், புதூர்நாடு முதலிய நாடுகளிலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமை முதலான சிறுதானியங்களைப் பயிரிட்டு வாழ்கின்றனர். பலா, புளி, சீத்தா, தேன் ஆகியவையும் இம்மலையின் செல்வங்கள்.

இம்மலையின் பெயர் வெளியுலகில் பரவியது பெரும்பாலும் சந்தன மரத்தினால். திருப்பத்தூரில் அரசாங்கச் சந்தன மரக் கிடங்கு அமைந்ததற்கும் இம்மலைக் காடுகளே காரணம். பின்னர்க் கள்ளக் கோடரியால் சந்தனம் அருகிப் போனதையும் நாம் அறிவோம். ஆகவே இங்கு மரத்தைப் பற்றிப் பேசுவோர் எச்சரிக்கையுடன் பேசுதல் வேண்டும். பொதுக் கட்டடத்துக்காகக் காட்டு மரத்தை வெட்டலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் வரப்பிலும் கொல்லையிலும் பட்டா நிலத்திலும் நாமே நட்டு வளர்க்கும் மரத்தைப் பற்றியே சொல்கிறோம்.

மலையில் வீடு கட்டும் பழைய முறை நமக்கு ஒரு பாடம். கொம்புகளை நட்டு, மூங்கிலைப் பின்னிச் செம்மண் பூசிச் சுவர் எழுப்பி, மேலே புல் வேய்வது அம்முறை. உள்ளே பரண் அமைத்துத் தானியத்தைத் தரையின் ஈரத்துக்கும் எலிக்கும் எட்டாமல் வைப்பர். எல்லாப் பொருள்களும் நடந்து செல்லும் தூரத்தில் கிடைத்தன. பழுதுபட்ட பகுதியை வீட்டுக்காரரே மாற்றினார். இவ்விரண்டு குணங்களையும் இழக்காமல், இக்கால அறிவைச் சேர்த்துக்கொண்டு, பெரிய பொதுக் கட்டடம் ஒன்றை எழுப்ப முடியுமா என்பதே கேள்வி.

மரத்தால் என்ன பயன்?

முதலாவது, பணம் எங்கே செல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சிமெண்டு, கம்பி, எம்-சாண்டு ஆகிய யாவும் சமவெளியிலிருந்து லாரியில் ஏறி, வளைவுகள் பலவற்றைக் கடந்து மேலே வரவேண்டும். கட்டடத்துக்கென்று வந்த தொகையில் பெரும்பகுதி, வந்த வழியிலேயே கீழே இறங்கிவிடுகிறது. மரக் கட்டடத்தில் மரம் வளர்த்தவருக்கும், அறுத்தவருக்கும், இழைத்துப் பூட்டிய தச்சருக்கும் தொகை பிரிகிறது. அவர்களுள் பலர் நம் சங்கத்து அங்கத்தினராகவே இருக்கலாம்.

இரண்டாவது, காற்று மண்டலத்தைப் பற்றியது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே அவ்வாயு பிரிவதும், சுடுவதற்கு நிலக்கரி முதலியவற்றை எரிப்பதும் அதற்குக் காரணங்கள். மரமோ வளரும்போதே அவ்வாயுவை உட்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. அம்மரம் உத்தரமாகவும் கைமரமாகவும் நிற்கும் வரையில் அக்கரி காற்றில் கலப்பதில்லை. வெட்டிய இடத்தில் மறு கன்று வைத்தால் அதுவும் தன் பங்குக்குக் கரியைச் சேர்க்கத் தொடங்குகிறது. மறு கன்று வைக்காவிடில் இந்த வாதம் முழுவதும் விழுந்துவிடும் என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது, மரக் கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பழுது பார்க்கலாம். கான்கிரீட்டுத் தளத்தினுள் கம்பி துருவேறி வெடித்தால் அதைச் சீர்செய்வது பெருஞ்செலவு. ஒரு கைமரம் உளுத்தால் அந்த ஒரு கைமரத்தைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம்.

வெளிநாடுகளில் இன்று மரத்தாலேயே அடுக்குமாடிகள் எழுப்புகின்றனர். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 2022-ல் முடிந்த 25 மாடிக் கட்டடம் ஒன்றில் பெரும்பான்மையான மாடிகளைத் தாங்குவது மரமே. பலகைகளை அடுக்கிப் பசையால் ஒட்டிப் பெருஞ்சட்டங்களாக ஆக்கும் ஆலைகள் அதற்கு வேண்டும். நமக்கு வேண்டுவது ஒரு கூடமும் ஒரு கிடங்குமே. அதற்கு உள்ளூர்த் தச்சரும், ஓர் அறுவை மில்லும், கணக்குப் பார்த்துக் கையெழுத்திடும் ஒரு பொறியாளரும் போதும்.

எத்தனை மரம் வேண்டும்?

மரக் கட்டடம் என்றதும் ஒரு காடே வேண்டும் என்று அஞ்சுவோர் பலர். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்.

நாற்பது அடி நீளமும் இருபது அடி அகலமும் உள்ள கூடம் ஒன்றை வைத்துக்கொள்வோம். பத்தடிக்கு ஒரு தூணாக இரு பக்கமும் ஐந்தைந்து, ஆகப் பத்துத் தூண்கள். தூண் ஒவ்வொன்றும் ஆறங்குலச் சதுரம், பத்தடி உயரம். எதிரெதிர்த் தூண்களை இணைத்து ஐந்து முக்கோணச் சட்டங்கள் கூரையைத் தாங்கும். அவற்றின் மேல் நீளவாட்டு விட்டங்கள், அவற்றின் மேல் கைமரங்கள், அவற்றின் மேல் ரீப்பர்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஓடு. சுற்றிலும் மூன்றடி இறவாரம்.

முக்கோணம் எதற்கு என்று கேட்கலாம். நான்கு சட்டங்களைச் சதுரமாகப் பூட்டி ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். மூன்று சட்டங்களை முக்கோணமாகப் பூட்டினால் சட்டம் முறிந்தாலன்றிச் சாயாது. சிறு மரங்களைக் கொண்டே இருபதடி அகலத்தை நடுவில் தூணின்றித் தாண்ட முடிவது இதனாலேதான்.

இவ்வளவுக்கும் அறுத்த மரம் ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கன மீட்டர் பிடிக்கும். மர வியாபாரிகளின் கணக்கில் 160 முதல் 175 கன அடி. உருண்டை மரத்தை அறுக்கும்போது ஏறத்தாழப் பாதி, பட்டையாகவும் தூளாகவும் துண்டாகவும் கழிந்துவிடும். ஆகவே பத்துக் கன மீட்டர் உருண்டை மரம் வேண்டும். பத்து மீட்டர் நீளமும், சராசரியாக 25 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள அடிமரம் ஒன்றில் ஏறத்தாழ அரைக் கன மீட்டர் உண்டு. அப்படியானால் இருபது மரங்கள்! கோணலுக்கும் பொந்துக்கும் ஐந்தைக் கூட்டி இருபத்தைந்து என்று வைத்துக்கொள்வோம்.

மரத்துக்கு மரம் நான்கு மீட்டர் இடைவெளி விட்டால், இருபத்தைந்து மரங்களுக்கு 400 சதுர மீட்டர் நிலம் வேண்டும். அஃதாவது பத்து சென்ட். ஒரு பொது மண்டபத்தின் தூண் முதல் ரீப்பர் வரை அனைத்தும் பத்து சென்ட் நிலத்தில் வளர்ந்துவிடும் என்பது இக்கணக்கின் முடிவு. கூடத்தில் நிற்கும் ஐந்து கன மீட்டர் மரத்தின் எடை மூன்று டன் என்று கொண்டால், அது காற்றிலிருந்து வாங்கி வைத்திருக்கும் கரியமில வாயு ஐந்தரை டன் அளவுக்கு வரும்.

இவை யாவும் மதிப்பீட்டு அளவுகளே. மரத்தின் இனம், ஓட்டின் எடை, அவ்விடத்துக் காற்றின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு பொறியாளர் அளவுகளை நிர்ணயிக்க வேண்டும். மரச் சட்டங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் 883 என்ற எண்ணில் உள்ளது.

முப்பது ஆண்டு காத்திருப்பதா?

நல்ல மண்ணிலும் தேக்கு அந்தப் பருமனை அடைய இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஆகும். வேங்கைக்கு இன்னும் பொறுமை வேண்டும். மலைவேம்பு விரைவில் பருக்கும். ஆனால் அதில் வைரம் குறைவு, ஆதலால் மருந்தூட்டிக் கூரைக்குள் மட்டும் வைக்கலாம். சில்வர் ஓக் மலைத் தோட்டங்களில் நன்கு வளர்வது. காய்ப்பு ஓய்ந்த பலாவின் வைரமும் நல்ல மரமே. ஒரே இனத்தை வைக்காமல் மூன்று நான்கு இனங்களைக் கலந்து நட்டால், ஒன்றுக்கு நோய் வந்தாலும் தோப்பு அழியாது.

இரண்டு மீட்டர் இடைவெளியில் நூறு கன்றுகளை நட்டால், ஐந்தாறு ஆண்டுகளில் பாதியைக் கழிக்கலாம். அவை பந்தலுக்கும் பரணுக்கும் கொம்புகளாகும். மேலும் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் பாதியைக் கழித்தால் கைமரங்களும் ரீப்பர்களும் கிடைக்கும். கடைசியில் நிற்கும் இருபத்தைந்தே தூணும் உத்தரமும் ஆகும்.

முதற் கட்டடத்துக்கோ இத்தனை காலம் காத்திருக்க வேண்டுவதில்லை. வரப்பு மரங்கள் இப்போதே உள்ளன. மேலும், ஊர்தோறும் பழைய ஓட்டு வீடுகள் இடிபடுகின்றன. அவற்றின் தூண்களும் உத்தரங்களும் பழைய மரக் கடைகளுக்கு வருகின்றன. பல ஆண்டுகள் காய்ந்த அம்மரம் புது மரத்தைப்போல் முறுக்கிக்கொள்வதில்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்து ஓசை பொத்தையாக இருப்பதை ஒதுக்க வேண்டும். வண்டுத் துளைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அறுக்குமுன் ஆணிகளை எல்லாம் பிடுங்க வேண்டும். முதற் கூடத்தைப் பழைய மரத்தால் கட்டிக்கொண்டு, அன்றே தோப்பையும் நட்டுவிடுவோமாயின், அதன் பழுதுகளுக்கும் அடுத்த கட்டடத்துக்கும் வேண்டிய மரம் தானே வளர்ந்து வரும்.

கறையானும் ஈரமும்

மரத்தின் பகை ஈரம். மற்றவை அதன் பின்னே வருகின்றன. மரம் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழ் இருக்கும் வரையில் அதில் பூஞ்சைக் காளான் பற்றாது. மண்ணிலிருந்து ஏறும் கறையானுக்கும் ஈரம் இன்றியமையாதது. ஆகவே மரத்தை உலர வைப்பதே முதல் மருந்து.

தறி வைத்திருக்கும் அங்கத்தினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடைமழைக் காலத்தில் தறியின் சட்டங்கள் ஊதி இறுகுவதையும், கோடையில் சுருங்கித் தளர்வதையும் அவர்கள் கையால் அறிவர். பச்சை மரம் உலரும்போது நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை. குறுக்கே சுருங்கும், அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். பலகை கூனுவதும் வெடிப்பதும் இதனால்தான். அறுத்த மரத்தைத் தரையினின்று ஓரடி உயர்த்தி, வரிசைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள குச்சிகள் வைத்து, வெயிலும் மழையும் படாத கொட்டகையில் அடுக்க வேண்டும். தலைப்புகளில் தார் அல்லது சாயம் பூசினால் வெடிப்புக் குறையும். மெல்லிய பலகை சில மாதங்களில் உலரும். ஆறங்குலத் தூணுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நிதியாண்டு முடிகிறதே என்று பச்சை மரத்தைப் பூட்டுவோர் பின்னால் வருந்துவர்.

அடுத்தது வெள்ளையையும் வைரத்தையும் பிரித்தறிவது. அடிமரத்தின் வெளிப்புறத்தில் வெளுத்திருக்கும் பகுதியில் மாவுச் சத்து உண்டு. அதுவே வண்டுக்கும் கறையானுக்கும் உணவு. நடுவே கறுத்திருக்கும் வைரம் தேக்கு, வேங்கை போன்றவற்றில் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். மூங்கிலைத் தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று முன்னோர் கூறுவர். பிறை எதுவாயினும், குருத்து விடும் மழைக்காலம் கழிந்து முற்றிய மூங்கிலை வெட்டினால் மாவுச் சத்துக் குறைந்திருக்கும், வண்டு குறையும் என்பது ஆராய்ச்சிக்கும் ஒத்த உண்மை.

வெள்ளை மிகுந்த மரத்துக்கும் மூங்கிலுக்கும் மருந்தூட்டலாம். போரிக் அமிலம் ஒரு பங்கு, வெண்காரம் ஒன்றரைப் பங்கு சேர்த்து, நூறு லிட்டர் நீருக்கு இரண்டும் சேர்ந்து ஐந்தாறு கிலோ வருமாறு கரைத்து, ஒரு வாரம் பத்து நாள் ஊறவைப்பது எளிய முறை. இம்மருந்து மழை நீரில் கரைந்து வெளியேறிவிடும். ஆகையால் கூரைக்கு உட்பட்ட மரத்துக்கே ஏற்றது. ஊறிய நீரை ஓடையில் விடலாகாது. குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதபடி காக்க வேண்டும். இதனினும் உறுதியான தாமிர, குரோமிய, ஆர்சனிக் மருந்தை 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசன் என்னும் இந்திய விஞ்ஞானியே. உலகெங்கும் மின் கம்பங்களையும் இருப்புப்பாதைக் கட்டைகளையும் அம்மருந்து காத்தது. எனினும் ஆர்சனிக் நஞ்சாகையால் தானியக் கிடங்கிலும் குழந்தைகள் புழங்கும் கூடத்திலும் அது கூடாது.

மருந்தைக் காட்டிலும் முக்கியமானது கட்டும் முறை. தூணை மண்ணில் புதைக்கலாகாது. தரைக்கு ஒன்றரை அடி மேலே எழும் கல் பீடத்தின்மீது, இரும்புப் பிடி வைத்துத் தூணை நிறுத்த வேண்டும். கறையான் கல்லின்மேல் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏற முடியும், அக்குழாய் நம் கண்ணில் படும், துடைப்பத்தாலேயே கலைத்துவிடலாம். மூன்றடி இறவாரம் மழைச் சாரலைச் சுவரில் படாமல் தடுக்கும். காற்று கூரையைப் பெயர்க்காதபடி, கைமரத்தையும் விட்டத்தையும் தூணையும் இரும்புப் பட்டையால் பிணைத்தல் வேண்டும். கடைக்காலுக்கும் பீடத்துக்கும் கல்லும் சிறிது சிமெண்டும் தேவையே. சிமெண்டை அறவே ஒதுக்குவது நம் நோக்கமன்று; அது இன்றியமையாத இடத்தில் மட்டும் இருக்கட்டும் என்கிறோம்.

தீயைப் பற்றி

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதைக் கேட்ட தாய்மார் எவரும் கூரைக் கொட்டகையை இன்றும் அச்சமின்றிப் பார்க்க மாட்டார்கள். அவ்வச்சம் சரியானது. பலர் கூடும் கட்டடத்தில் கீற்றும் புல்லும் கூரையாக இருத்தல் கூடாது என்பதை நாம் விதியாகவே கொள்ள வேண்டும்.

ஆனால் கீற்றும் கனத்த மரமும் தீயின் முன் ஒன்றல்ல. கீற்று சில நிமிடங்களில் எரிந்து விழும். ஆறங்குலத் தூணில் தீப்பட்டால் மேற்பரப்பு கரியாகி, அக்கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர், அரைமணியில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கே கருகும். உள்ளிருப்பவை அதுவரை சுமையைத் தாங்கும். மக்கள் வெளியேற அந்நேரம் போதும், வெளியேற வழி இருந்தால். ஆகவே ஓட்டுக் கூரை, எதிரெதிரே இரண்டு வாயில்கள், வெளிப்புறம் திறக்கும் கதவுகள், தனியே விலகி நிற்கும் சமையற்கட்டு, இரும்புக் குழாயினுள் செல்லும் மின்கம்பி ஆகியவற்றில் எதையும் செலவுக்கு அஞ்சிக் குறைக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலையும் பிரம்பையும் சிறு வனப் பொருள்களாகக் கொண்டு, அவற்றைச் சேகரிக்கும் உரிமையைக் காட்டில் வாழும் மக்களுக்கு அளிக்கிறது. கட்டட மரம் அதில் அடங்காது. காட்டுத் தேக்கை வெட்டிப் பொது மண்டபம் கட்ட அச்சட்டத்தில் இடமில்லை. அதே சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, அங்கன்வாடி, நியாய விலைக் கடை, சமூகக் கூடம் முதலிய அரசாங்கப் பொதுவசதிகளுக்காக ஓரிடத்துக்கு ஒரு ஹெக்டேருக்கு மேற்படாத வன நிலத்தை ஒதுக்க வழிசெய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராம சபையின் பரிந்துரை இருத்தல் வேண்டும். அவ்வசதி அரசாங்கம் நடத்துவதாக இருக்க வேண்டும் என்பதையும் சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

பட்டா நிலத்து மரமாயினும் மலைப்பகுதிகளில் வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி தேவைப்படலாம். மலைப்பகுதி மரப் பாதுகாப்புக்கென்றே 1955-ல் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று உண்டு. ஆகையால் நடும்போதே மரங்களின் எண்ணிக்கையையும் இனத்தையும் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் பதியச் செய்து, வெட்டுமுன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்வது நலம். சந்தனத்தை இக்காரியத்தில் தொடவே வேண்டாம்.

யார் காப்பது?

மரக் கட்டடத்தை ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. இதுவே அதன் பெருங்குறை என்பர். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள் இதற்கு விடை காண்பர். 1601-ல் தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் விரிவடைந்த அம்மாளிகை, இரண்டு பருவ மழைகளையும் தாங்கி மரக் கூரையோடு இன்றும் நிற்கிறது. அக்கூரையின் செங்குத்தான சாய்வும் நீண்ட இறவாரமும் ஒரு காரணம். ஓயாது பழுது பார்க்க ஆட்கள் இருந்தது மற்றொரு காரணம். முன்னர் அரசர் செய்ததை இன்று கேரள அரசின் தொல்லியல் துறை செய்கிறது. ஜப்பானில் இசே என்னும் ஊரிலுள்ள கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புது மரத்தால் அப்படியே மறுபடி கட்டுகின்றனர். 2013-ல் அது 62-ஆம் முறையாக நடந்தது. வருங்காலத் திருப்பணிகளுக்கென்று கோயில் காட்டிலேயே மரம் வளர்த்து வருகின்றனர். தச்சுக் கலையும் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுகிறது.

அரசரும் கோயிலும் இல்லாத இடத்தில் தனி மனிதரால் இது ஆகாது. தாத்தா நட்டதைப் பேரன் காலத்தில் வெட்ட வேண்டும். இடையில் பாகம் பிரிந்துவிடும், நிலம் கைமாறிவிடும். சங்கமோ நிர்வாகிகள் மாறினாலும் தொடர்ந்து நிற்பது. தீர்மானப் புத்தகமும் சொத்துப் பதிவேடும் உடையது. ஆண்டுதோறும் அங்கத்தினருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. முப்பது ஆண்டுத் தோப்பையும் நூறாண்டுக் கூரையையும் காக்க இவ்வமைப்பைவிடப் பொருத்தமானது எது?

அதற்கு ஒரு மரப் பதிவேடு வேண்டும். தூண், விட்டம், சட்டம் ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, எந்த மரம், எவர் நிலத்தது, எப்போது பூட்டியது, எப்போது மாற்றியது என்று எழுத வேண்டும். மாதம் ஒருமுறை கல் பீடங்களைச் சுற்றிக் கறையான் மண் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஆடிக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும் உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். ஒரு ஓடு உடைந்து ஒரு மழைக்காலம் கவனிப்பாரற்றுப் போனால் அதன் கீழுள்ள கைமரம் கெடும். அடுத்த மழைக்காலத்தில் விட்டமும் கெடும். தை மாதத்தில் வெளி மரங்களுக்கு எண்ணெய் பூசலாம். இவ்வேலைகளை அங்கத்தினர் முறை வைத்துச் செய்தால் செலவு மிகக் குறைவு.

மலை மக்களின் கைத்திறன்

இதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலவில்லை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று கூறப்பட்ட இருபது தமிழ்த் தொழிலாளர்கள் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் வயதையும் வைரத்தையும் சொல்லக்கூடிய கண்ணும், செங்குத்தான சரிவில் நின்று அறுக்கக்கூடிய கையும் இம்மலையில் உண்டு. அத்திறமைக்கு உள்ளூரில் கூலி கிடைக்காதபோது, இடைத்தரகன் காட்டும் கூலிக்காக அது எல்லை தாண்டிப் போகிறது. போனவரை எதிர்நோக்கி வீடுகள் காத்திருக்கின்றன.

ஒரு பொது மண்டபம் இந்நிலையை மாற்றிவிடும் என்று சொன்னால் அது மிகையாகும். ஆயினும் மரம் நடவும், கழிக்கவும், அறுக்கவும், உலர்த்தவும், இழைக்கவும், ஆண்டுதோறும் பழுது பார்க்கவும் உள்ளூரிலேயே வேலை உண்டானால், சில இளைஞரேனும் தச்சு வேலை பயின்று ஊரோடு நிற்பர். பள்ளிக்கும் கிடங்குக்கும் நூற்பண்டக அறைக்கும் ஊருக்கு ஊர் கட்டடம் தேவைப்படும் இக்காலத்தில் அது சிறிய தொழிலாக இராது.

இவ்வாண்டில் செய்யத்தக்கது

பெரிய திட்டங்களுக்காகக் காத்திராமல் ஒவ்வொரு சங்கமும் இவ்வாண்டே நான்கு காரியங்களைச் செய்யலாம். ஒன்று, சங்கத்துக்கு உரிமையான அல்லது நீண்ட குத்தகைக்குக் கிடைக்கும் பத்து சென்ட் நிலத்தை வரையறுத்து, அது பொதுக் கட்டடத் தோப்பு என்று பேரவையில் தீர்மானம் நிறைவேற்றுவது. இரண்டு, வரும் பருவ மழைக்கு முன் குழிகள் எடுத்து நூறு கன்றுகளை நடுவது. கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்காலையும், இனத் தேர்வுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியையும் அணுகலாம். மூன்று, அங்கத்தினரின் வரப்புகளில் முதிர்ந்து நிற்கும் மரங்களைக் கணக்கெடுப்பது. நான்கு, ஊரில் எஞ்சியிருக்கும் முதிய தச்சர் ஒருவரிடம் இளைஞர் இருவரைத் தொழில் பயில அனுப்பி, அதற்குச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து உதவித்தொகை அளிப்பது.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நம்மவர் சொல்வதுண்டு. பொது மரத்தை வைப்பவர் நாமாகையால் ஊற்ற வேண்டியவரும் நாமே. யார் எந்தக் கிழமையில் ஊற்றுவது என்பதை, தோப்புக்கான தீர்மானத்தை எழுதும் அதே கூட்டத்தில் எழுதிக்கொள்வோமாக.